ஒரு மணி நேரத்தை எங்கே செலவழிப்பது?

வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன். காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு எட்டரை வரை மணிக்கு ஒரு பேட்ச். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கும் பெண், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் பையன், மீஞ்சூரிலிருந்து ரயில் பிடித்து வரும் கல்லூரி மாணவி, தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்து எழுந்து ஓடும் அம்மா என்று பலரும் வருகிறார்கள். இவர்களில் யாருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. அதே ஒரு மணி நேரத்தில் சிலர் ஆறு மாதத்தில் லோயர் கிரேடு டைப்பிங் தேர்வு எழுதிப் பாஸ் செய்துவிடுகிறார்கள். சிலர் ஒரு நாள் தவறாமல் வந்தும் அதே இடத்தில் நிற்கிறார்கள்.

இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. நன்றாக வரும் பாடத்தையே திரும்பத் திரும்ப அடிப்பவர் நின்றுவிடுகிறார். தன் கை எங்கே தடுக்கிறது என்று தேடிப் பிடித்து, அங்கேயே உட்காருகிறவர் மேலே போகிறார். டைப்பிங், எக்செல், பிளவுஸ் வெட்டுவது, இந்தி பேசுவது எதுவானாலும் நேரம் குறைவாக உள்ளவருக்கு இதுதான் வழி என்று நம்புகிறேன். எப்படிச் செய்வது என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், கற்க நினைப்பதைச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். "கம்ப்யூட்டர் கத்துக்கணும் மிஸ்" என்று வருபவரிடம், "கத்துக்கிட்டு முதல்ல எந்த வேலையைச் செய்யப் போறே?" என்று கேட்பேன். கன்டெய்னர் லாரி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண், வண்டி நம்பர், டிரிப், டீசல், டிரைவர் பேட்டா எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் கால்குலேட்டரில் கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது அந்த நோட்டை எக்செலுக்கு மாற்றுவது. கட்டங்களில் நிரப்புவது, கூட்டல், ஒரு வண்டியை மட்டும் பிரித்துப் பார்ப்பது, பிரிண்ட் எடுப்பது, அவ்வளவுதான். புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலிருந்து போயிருந்தால் இந்த நாலுக்கும் வந்து சேர வெகுநாள் ஆகியிருக்கும். தினமும் ஆபீசில் கைக்கு வேலை கொடுக்கும் பகுதியை முதலில் கற்றால், வேலை நேரமும் பயிற்சியாகவே ஓடும்.

டைப்பிங்கில் இந்த வசதி தானாகவே இருக்கிறது. ஆங்கில லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, பத்து நிமிடத்தில் 1,500 தட்டு. அதற்கு மேல் நிலையான ஹையர் என்றால் 45 வார்த்தை, 2,250 தட்டு. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை வரும். எண்ணும் தேதியும் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. உங்கள் தொழிலில் அப்படி எதுவும் இல்லையென்றால் நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். "பொங்கலுக்கு முன்னால் அண்ணிக்கு ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுப்பேன், அவங்க அதைப் போட்டுக்கணும்" என்பது நல்ல இலக்கு. "தையல் கற்பேன்" என்று சொன்னால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?

அடுத்தது நேரத்தைப் பிரிப்பது. "வாரம் பூரா முடியாது மிஸ், ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் உட்கார்ந்துடறேன்" என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. 1978-ல் வெளியான ஒரு ஆய்வு டைப்பிங்கைப் பற்றியே நடந்தது. பிரிட்டனில் தபால்காரர்களுக்கு டைப்பிங் கற்றுத்தர வேண்டியிருந்தது. ஆலன் பேட்லி என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவரும் அவர்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரமாக இரண்டு வேளை, மொத்தம் நாலு மணி நேரம். கீபோர்டு முழுக்க விரலுக்கு வர, ஒரு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரம் போதுமாக இருந்தது. நாலு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 தேவைப்பட்டது.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாள் கணக்குப் பார்த்தால் நாலு மணி நேரக் குழுதான் சீக்கிரம் முடித்தது. வேலை வெட்டி இல்லாமல் அடுத்த வாரமே கற்றாக வேண்டியவருக்கு அது சரி. மணி எண்ணிச் செலவழிக்கிறவருக்கு, அதாவது நம்மைப் போன்றவருக்கு, தினம் ஒரு மணி நேரம்தான் மலிவு. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு மணி நேரக் குழுவினர்தான் தங்கள் பயிற்சியைப் பற்றி அதிகம் அதிருப்தி அடைந்தவர்கள். மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. "ஒண்ணுமே ஏறலையே" என்று உங்களுக்கும் தோன்றும். அந்த நினைப்பை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

காசிமேட்டுப் பையனுக்கு நேர் எதிரான சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஐஸ் வேலையும் படுத்துவிடும், நாள் பூரா சும்மா. ஆகஸ்ட் தேர்வுக்கு இப்போதே அடித்துத் தள்ளிவிடலாம் என்று மூன்று மணி நேரம் மெஷினை விட்டு எழ மாட்டேன் என்றான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் விரல் சோர்ந்து தப்பு கூடும், அந்தத் தப்பும் சேர்ந்து பழக்கமாகும். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரச் சொன்னேன். விரல் அசைவுகளைக் கற்றுக்கொடுத்துச் சோதித்த ஆய்வுகளில், தூங்கி எழுந்த பிறகு கை இன்னும் சுத்தமாக வேலை செய்வது தெரிந்திருக்கிறது. தடைக்காலம் முடிந்து விடியற்காலை வேலை திரும்பியதும், வேலை முடிந்து தூங்கி எழுந்த பிறகே வகுப்புக்கு வர வேண்டும் என்று நேரத்தை மாற்றினேன். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மெஷின் முன்னால் உட்காருவது அந்த மணி நேரத்தைக் கடலில் போடுவதுதான்.

சரி, அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன செய்வது? உட்கார்ந்தவுடன் வேலை தொடங்க வேண்டும். பேப்பர், பாடப்புத்தகம், பேனா எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்து வைத்துவிடச் சொல்வேன். போகும்போது, நாளை எந்த வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பேப்பரின் மேல் மூலையில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டில் தைத்துப் பழகுகிறவர் மெஷினை மூடி, துணியை மடித்து, பாபினைக் கழற்றிப் பரண்மேல் வைத்தால், மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வைக்கவே கால் மணி நேரம் போகும். வீடு சின்னது, இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு கூடையில் எல்லாம் ஒன்றாக இருந்தால்கூடப் போதும்.

முதல் பத்து நிமிடம் பழைய பாடம், கை சூடேறுவதற்கு. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் பாடமான ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், தமிழென்றால் யளனகபக. அதற்குமேல் பழைய பாடத்தில் இருக்கக் கூடாது. ஆனால் அங்கேதான் எல்லாருக்கும் இருக்கப் பிடிக்கும். சரளமாகக் கை ஓடுகிறது, மெஷின் சத்தம் கேட்க நன்றாக இருக்கிறது, ஒரு பக்கம் தப்பில்லாமல் நிறைகிறது. மனம் குளிரும். கை புதிதாக ஒன்றையும் கற்றிருக்காது.

அடுத்த பத்து நிமிடம் தெரியாத ஒரு பத்தியை அடித்துப் பாருங்கள். முடிந்ததும் சிவப்புப் பேனாவால் தப்புகளை வட்டமிடுங்கள். எத்தனை தப்பு என்று எண்ணி வருத்தப்படுவதோடு நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். எந்த மாதிரித் தப்பு என்று பாருங்கள். ஆர் (R) வர வேண்டிய இடத்தில் டி (T) வருகிறதா? வி-யும் (V) பி-யும் (B) மாறுகின்றனவா? இவையெல்லாம் இடது ஆள்காட்டி விரல் பார்க்கும் வேலை. அந்த விரல் நீளும் தூரம் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். ஏ எழுத்து மட்டும் மங்கலாக விழுந்திருக்கிறதா? சுண்டுவிரலுக்கு வலு போதவில்லை. இந்தப் பழைய மெஷின்களில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான், எந்த விரல் சோம்பல்படுகிறது என்பதைப் பேப்பரே காட்டிக்கொடுத்துவிடும். இடைவெளி விட மறந்த இடங்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவா, வரி முடிவில் அவசரம் வருகிறதா என்றும் பாருங்கள். ஒரு பேப்பரில் இருபது வட்டம் இருந்தாலும், பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்கள்தான் இருக்கும்.

அதில் ஒன்றை மட்டும் அன்றைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வி-யும் பி-யும் என்றால் 'அபவ்', 'விசிபிள்' மாதிரி இரண்டும் கலந்த வார்த்தைகளாகப் பத்து எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு வரி அடியுங்கள். வேகமே வேண்டாம். கையைப் பார்க்காமல், தப்பே விழாத அளவுக்கு மெதுவாக. கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன் நான், எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது நல்ல மருந்து. அரை மணி நேரம் இப்படி உட்கார்ந்தால் எரிச்சல் வரும். வரட்டும். கடைசிப் பத்து நிமிடம், ஆரம்பத்தில் அடித்த அதே பத்தியைத் திரும்ப அடியுங்கள். வி-யும் பி-யும் குறைந்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். நாளைக்குப் பாதி திரும்பி வரும், அதற்கு மறுநாள் இன்னும் குறையும். பிறகு அடுத்த காரணம்.

இதே முறை தையலுக்கும் பொருந்தும் என்பதை என் நாத்தனார் விஷயத்தில் பார்த்தேன். நேர்த்தையல் அவருக்கு அழகாக வரும். தலையணை உறை, பாவாடை என்று தைத்துக்கொண்டே இருந்தார். பிளவுஸ் மட்டும் கைக்குழியில் இழுக்கும். கைக்குழி வளைவை மட்டும் பழைய செய்தித்தாளில் வரைந்து வெட்டச் சொன்னேன். துணி வேண்டாம், மெஷின் வேண்டாம், சமையல் முடிந்த பிறகு கத்தரிக்கோலும் பேப்பரும் போதும். சரியாகப் பொருந்தும் பிளவுஸ் ஒன்றைப் பிரித்து, அதன் வளைவின்மேல் தன் பேப்பரை வைத்துப் பார்ப்பார். எங்கே மிஞ்சுகிறது, எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும். முழு பிளவுஸ் தைத்துப் பார்த்துக் கற்பதாக இருந்தால் ஒரு கைக்குழிக்கு ஒரு சாயங்காலம் போயிருக்கும். பேப்பரில் அதே சாயங்காலத்தில் எத்தனையோ வெட்டலாம்.

மெஷின் இல்லாத நேரத்துக்கு வருகிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்று தெரியும். கும்மிடிப்பூண்டி லைனில் கூட்ஸுக்கு வழிவிட்டு நிற்கும் ரயிலும் அப்படித்தான். இந்த நேரத்தில் புதிதாக ஒன்றும் கற்க முயலாதீர்கள், மனம் நிற்காது. ஏற்கெனவே கற்றதை நினைவிலிருந்து எடுத்துப் பாருங்கள். மீஞ்சூர்ப் பெண்ணிடம், ரயிலில் எதிரே தெரியும் போர்டில் உள்ள வார்த்தைகளை மடியில் விரலால் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எந்த எழுத்துக்கு விரல் ஒரு கணம் யோசிக்கிறதோ, அதை மனதில் குறித்துக்கொண்டு வகுப்புக்கு வருவாள். துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர் இந்தி கற்கிறார். முந்தின நாள் கேட்ட பத்து வாக்கியத்தைப் புத்தகம் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்வார், வராததை மட்டும் திறந்து பார்ப்பார். கேபினில் தனியாக இருப்பதால் வெட்கமும் இல்லை.

திரும்பப் படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவுகூர்வது மேல் என்பதை 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் மேலாகத் தெரிந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தங்களைத் தாங்களே சோதித்துப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

யூடியூப் வீடியோவுக்கும் இதுவே பொருந்தும். ஐம்பது வயதுக்குமேல் நான் எக்செல் கற்றது அதில்தான், அதனால் குறை சொல்லவில்லை. ஐந்து நிமிடம் பார்ப்பேன், போனைக் கவிழ்த்து வைப்பேன், இன்ஸ்டிட்யூட் ஃபீஸ் கணக்கில் அதைச் செய்து பார்ப்பேன். எங்கே நிற்கிறேனோ அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டுவேன். ஒரு மணி நேர வீடியோவை ஒரே மூச்சில் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். அது வீடியோவில் செய்து காட்டுபவர் கைக்குத் தெரிந்தது, நம் கைக்கு இன்னும் தெரியாது.

சில மாதங்களில் எல்லாருக்கும் ஒரு தேக்கம் வரும். லோயர் முடித்து ஹையருக்குப் போகும் வழியில் 35 வார்த்தையில் வேகம் நிற்கும், எவ்வளவு அடித்தாலும் ஏறாது. 1897-லேயே அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி கற்பவர்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். வருகிற தந்தியைக் கேட்டு எழுதும் திறன் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும், பிறகு மேலே போகும். எழுத்து எழுத்தாகக் கேட்டவர்கள் வார்த்தை வார்த்தையாகக் கேட்க ஆரம்பிக்கும் மாற்றம் அதற்குள் நடக்கிறது என்பது அவர்கள் விளக்கம். நம் நாட்டில் தந்தியே 2013-ல் முடிந்துவிட்டது, ஆனால் தேக்கம் அப்படியே இருக்கிறது. என் மாணவர்களுக்கு அந்தக் கட்டத்தில் பாடத்தை மாற்றுவேன். அடிக்கடி வரும் வார்த்தைகளை ஒரே வீச்சாக அடிக்கும் பயிற்சி. ஒரு நிமிடம் மட்டும், தப்பு விழுந்தாலும் பரவாயில்லை என்று 45 வேகத்தில். பிறகு ஒரு நிமிடம் மெதுவாக, தப்பே இல்லாமல். மாற்றி மாற்றி. இந்தச் சமயத்தில்தான் நிறையப் பேர் வகுப்பை விடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. குரூப் 4-ல் தட்டச்சர் வேலைக்கு ஹையர் எவ்வளவு கைகொடுக்கும் என்று தெரிந்தும் இன்னும் கொஞ்ச தூரத்தில் எழுந்து போய்விடுகிறார்களே என்று.

அப்புறம், இந்த ஒரு மணி நேரம் யாருடையது என்ற கேள்வி. பையன்கள் கிளம்பி வந்துவிடுகிறார்கள். பெண்களின் மணி நேரத்தில்தான் எல்லாரும் கை வைக்கிறார்கள். தம்பிக்கு டிபன், பாட்டிக்கு மாத்திரை, குழாயில் தண்ணீர். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு அம்மா, பாதி வகுப்பில் போன் வந்து எழுந்து போய்க்கொண்டே இருந்தார். அவர் மாமியாரை ஒருநாள் இன்ஸ்டிட்யூட்டுக்கே அழைத்துவரச் சொல்லி, மருமகள் அடித்த பேப்பர்களைக் காட்டினேன். "இந்த ஒரு மணி நேரம் மட்டும் பிள்ளைங்களை நீங்க பார்த்துக்குங்கம்மா" என்று கேட்டேன். அதற்குப் பிறகு போன் வருவது நின்றது. வீட்டில் வெளிப்படையாகக் கேளுங்கள். எந்த மணி, எத்தனை மாதம், எதற்காக என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். முழு மணி நேரம் கிடைக்கவே கிடைக்காது என்றால் காலை அரை, மாலை அரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்னதில் கைசூடேற்றத்தைச் சுருக்கலாம், தப்பைத் தேடும் பகுதியைச் சுருக்காதீர்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு புது விஷயங்களைத் தொடங்க வேண்டாம். தமிழ், ஆங்கிலம் இரண்டு டைப்பிங்கும் சேர்த்துப் போடுகிறேன் என்பவரை, ஒன்று லோயர் அளவுக்கு வரும்வரை காத்திருக்கச் சொல்வேன்.

தீபாவளி நெருங்கினால் எம்.சி. ரோட்டுக் கடைப் பெண்களுக்கு உட்காரவும் நேரம் இருக்காது. அந்த வாரங்களுக்கு என்று ஒரு குறைந்தபட்சம் வைத்திருக்கிறோம். வேலைக்குப் போகும் வழியில் பதினைந்து நிமிடம், தன் சிவப்பு வட்டத்தில் ஒரே ஒரு எழுத்து. அதற்குமேல் வேண்டாம்.

சில சமயம் அதுவும் முடியாமல் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை வீடுகளில் தண்ணீர் நின்றது. படிப்பு அப்போது யாருக்கும் முக்கியமில்லை, இருக்கவும் கூடாது. பல வாரம் கழித்து, "எல்லாம் மறந்துபோச்சு மிஸ், முதல்லேர்ந்து சேர்த்துக்குங்க" என்று வந்தவர்களை நான் முதலிலிருந்து சேர்க்கவில்லை. மறந்ததாகத் தோன்றுவதைத் திரும்பக் கற்க, முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-ல் எழுதியது அது, என் மெஷின்களில் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் பார்ப்பதும் அதுவே. நீங்களும் அப்படி விட்டுவிட்டுத் திரும்பினால் முதல் நாள் ஏ எஸ் டி எஃப் இரண்டு வரி, பிறகு விட்ட பாடத்துக்கு இரண்டு பாடம் முன்னாலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் கடிகாரம் வைத்து வேகம் பார்க்க வேண்டாம். இரண்டாம் வாரம் ஒரு பத்தி அடித்து, சிவப்புப் பேனாவை எடுங்கள்.